ஒரு கடலைக் குடித்தவர்கள்: மக்கள் பெருக்கமும் வீண்விரயமும்

 

2022ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உலக மக்கள் தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 1960ல் இது சுமார் 300 கோடி. அதாவது இன்று பள்ளிக்கு வந்திருக்கும் பெரியவர்களின் ஒரே வாழ்நாளுக்குள் 500 கோடிப் பேர் கூடியிருக்கிறார்கள். 2023ல் சீனாவைத் தாண்டி இந்தியா உலகிலேயே அதிக மக்கள் கொண்ட நாடாகிவிட்டது.

இந்தச் செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். மக்கள் பெருகியதால்தான் தண்ணீர் இல்லை, காடு இல்லை, காற்று கெட்டது. பிறக்கும் பிள்ளைகள்தான் பூமிக்குப் பாரம் என்கிறார்கள் ஒரு சாரார். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ், அவன் பார்த்துக்கொள்வான், நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். முதல் பேச்சில் அல்லாஹ்வின் மீதுள்ள நம்பிக்கை இல்லை. இரண்டாவது பேச்சில் அல்லாஹ் நம் மீது வைத்த பொறுப்பு இல்லை. மார்க்கம் இந்த இரண்டையும் தாண்டி என்ன சொல்கிறது என்பதை இன்றைய ஜும்ஆவில் பார்ப்போம்.

ரிஸ்க்கும் உண்டு, அளவும் உண்டு

பூமியில் ஊர்ந்து செல்லும் எந்த உயிரினமானாலும் அதற்கு உணவளிப்பது தன் பொறுப்பு என்று ஹூது அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா கூறுகிறான். வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லக் கூடாது, அவர்களுக்கும் உங்களுக்கும் நாமே உணவளிக்கிறோம் என்ற கருத்தை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் உணர்த்துகிறான். ஆகவே ஒரு குழந்தை பிறந்ததைப் பூமிக்கு வந்த சுமையாகப் பார்ப்பது முஃமினுடைய பார்வையாக இருக்க முடியாது.

ஆனால் அதே இறைவன் இன்னொன்றையும் சொல்கிறான். எல்லாப் பொருள்களின் கருவூலங்களும் தன்னிடமே உள்ளன, குறிப்பிட்ட அளவில்தான் அவற்றை இறக்குகிறோம் என்று ஹிஜ்ர் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் கூறுகிறான். வானத்திலிருந்து அளவோடு தண்ணீரை இறக்கிப் பூமியில் தங்க வைத்ததையும், அதைப் போக்கிவிடத் தனக்கு ஆற்றல் உண்டு என்பதையும் முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு தராசை வைத்ததையும், அதில் வரம்பு மீறக் கூடாது என்பதையும் சொல்கிறான்.

இந்த வசனங்களைச் சேர்த்துப் பாருங்கள். ரிஸ்க் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அந்த ரிஸ்க் அளவோடு வருகிறது. அளவை மீறாதே என்பது கட்டளை. வாக்கை மட்டும் நம்பிவிட்டுக் கட்டளையை விட்டுவிடுவதற்குப் பெயர் தவக்குல் இல்லை. பறவைகளைப் போல அல்லாஹ்வைச் சார்ந்திருந்தால் உங்களுக்கும் உணவளிக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓர் உதாரணம் சொன்னார்கள். அவை காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் வயிறு நிறைந்து திரும்புகின்றன (திர்மிதி). ரிஸ்க்கைத் தேடிக் கூட்டை விட்டுப் புறப்படுகின்றன. வயிறு நிறைந்ததும் திரும்பிவிடுகின்றன. எந்தப் பறவையும் ஒரு குளத்தை வற்றடித்துவிட்டுக் கூடு திரும்புவதில்லை. மனிதன் அதைச் செய்திருக்கிறான். குளத்தை மட்டும் அல்ல, ஒரு கடலையே வற்றடித்திருக்கிறான்.

இமாம் திர்மிதியின் ஆற்றுக்கு என்ன ஆனது?

இப்போது சொன்ன ஹதீஸைத் தம் நூலில் பதிவு செய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பிறந்த பகுதி, மத்திய ஆசியாவில் இன்றைய உஸ்பெகிஸ்தானின் தென் எல்லையில் இருக்கிறது. திர்மித் நகரம் அமு தர்யா என்னும் பெரிய ஆற்றின் கரையில் உள்ளது. அரபு நூல்கள் அந்த ஆற்றை ஜைஹூன் என்று அழைத்தன. அதற்கு வடக்கே ஓடும் இன்னோர் ஆறு சிர் தர்யா. அதை சைஹூன் என்றார்கள். ஜைஹூனுக்கு அப்பால் உள்ள நாட்டுக்கு மாவராஉன்னஹ்ர், அதாவது ஆற்றுக்கு அப்பால் உள்ள நாடு என்று பெயர். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் புகாரா அங்கேதான் இருக்கிறது. கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரில் இருக்கும் குவாரிஸ்ம், ஜைஹூன் ஆற்றின் கடைமடைப் பகுதி.

இந்த இரண்டு ஆறுகளும் போய்ச் சேர்ந்த இடம் ஆரல் கடல். கடல் என்று பெயர் பெற்றாலும் நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஏரி அது. 1960ல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவையே உள்ளே வைத்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். உலகின் நான்காவது பெரிய ஏரி. ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் மீன் பிடித்தார்கள். தென்கரையில் மொய்னாக், வடகரையில் அரால்ஸ்க் என்று துறைமுக ஊர்கள் இருந்தன. மீனைப் பதப்படுத்தும் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள்.

அன்று அந்தப் பகுதி சோவியத் ஒன்றியத்தின் ஆட்சியில் இருந்தது. பாலைவனத்தில் பருத்தி விளைவித்து அதை வெள்ளைத் தங்கமாக்க வேண்டும் என்று மாஸ்கோவில் முடிவு செய்தார்கள். இரண்டு ஆறுகளிலிருந்தும் கால்வாய்கள் வெட்டினார்கள். 1954ல் தொடங்கிய காரகும் கால்வாய் மட்டுமே, பாலைவனத்தின் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. பெரும்பகுதி பூச்சு இல்லாத மண் கால்வாய். பயிருக்குப் போய்ச் சேரும் முன்பே ஏராளமான தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. இப்படித் தண்ணீரை எடுத்தால் கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பருத்தியில் வரும் வருமானம் மீனில் வருவதைவிட அதிகம், ஆகவே கடல் போனால் போகட்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

கடல் போனது. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் நின்றுவிட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறி, தெற்குப் பகுதி சாதாரணக் கடலைவிடப் பல மடங்கு உப்பாகியது. 2014ல் தெற்குக் கடலின் கிழக்குப் பகுதி முழுவதும் வற்றிப் போனதை செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மொய்னாக் ஊரிலிருந்து இன்று தண்ணீரைப் பார்க்க 100 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். அங்கே மணலில் துருப்பிடித்து நிற்கின்றன, ஒரு காலத்தில் மீன் ஏற்றி வந்த கப்பல்கள். வறண்ட கடல் தரையின் உப்பும், பருத்தி வயல்களிலிருந்து வடிந்து வந்து படிந்த பூச்சிமருந்தும் புழுதிப் புயலாகக் கிளம்பி ஊர்கள் மீது விழுகின்றன. அந்தப் பகுதிப் பெண்களிடம் இரத்தசோகை, குழந்தைகளிடம் மூச்சுக் கோளாறு என்று நோய்கள் பெருகின. வயலில் விழுந்த உப்பு, எந்தப் பருத்திக்காகக் கடலை அழித்தார்களோ அந்தப் பருத்தியின் விளைச்சலையே குறைத்தது.

மனிதர்களின் கைகள் சம்பாதித்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்றும், அவர்கள் செய்தவற்றில் சிலவற்றை அவர்களே சுவைக்க வேண்டும், அதனால் திரும்பக் கூடும் என்றும் அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் கூறுகிறது. அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேடுபவர் ஆரல் கடலின் வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

எண்ணிக்கையா, எடுக்கும் அளவா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆரல் கடலைக் குடித்தது மக்கள் பெருக்கமா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மக்கள் தொகையும் கூடியது. அந்த ஆற்றுப் படுகையில் 1960ல் சுமார் 1.4 கோடி பேர் வாழ்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் சுமார் 4 கோடி. கூடிய மக்களுக்கு உணவும் நீரும் வேலையும் தேவைப்பட்டன. அதை மறுக்க முடியாது. ஆனால் ஆற்றிலிருந்து எடுத்த நீரின் கணக்கைப் பாருங்கள். 1960க்கும் 1980க்கும் இடையில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதன் பிறகு 2000 வரை மக்கள் தொகை மேலும் பாதிக்கு மேல் கூடியும், எடுத்த நீர் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. கடலைக் காலி செய்த நீரில் மிகப் பெரும்பகுதி குடங்களுக்குப் போகவில்லை. வயல்களுக்கும் மணலுக்கும் போனது. அந்த வயலில் விளைந்த பருத்தியும் பெரும்பாலும் அந்த மக்கள் உடுத்தியது இல்லை. தொலைதூர ஆலைகளுக்கு ரயிலேறிப் போனது.

உலக அளவிலும் இதே கணக்குத்தான். 1970ல் உலகம் பூமியிலிருந்து எடுத்த மணல், உலோகம், எரிபொருள், மரம், பயிர் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டன். இன்று அது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. இதே காலத்தில் மக்கள் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆனது. எடுக்கும் பொருளோ மூன்று மடங்கைத் தாண்டியது. அதாவது ஆளுக்கு ஆள் எடுக்கும் அளவே பெருகியிருக்கிறது. செல்வந்த நாட்டில் வாழும் ஒருவர், ஏழை நாட்டில் வாழும் ஒருவரைப் போல ஆறு மடங்கு பொருளைப் பயன்படுத்துகிறார் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறை தன்னை அப்படியே நிரப்பிக்கொள்ளத் தேவையான 2.1ஐவிட இது குறைவு. குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். நம் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் மேலே வந்துவிட்டதா? பத்துப் பேர் இருந்த வீட்டில் இன்று நான்கு பேர் இருக்கிறோம். அந்த வீட்டின் குப்பை குறைந்துவிட்டதா? மின் கட்டணம் குறைந்துவிட்டதா? நாமே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

இதைச் சொல்வதால் குடும்ப அளவைப் பற்றிச் சிந்திக்கவே கூடாது என்று பொருள் கொள்ள வேண்டாம். பால்குடிக் காலம் முழு இரண்டு ஆண்டுகள் என்பதை பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்தபோது தாங்கள் அஸ்ல் செய்து வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). தாயின் உடல்நலம், பிள்ளைகளின் வளர்ப்பு ஆகியவற்றைக் கருதி இடைவெளி விடுவது பற்றிக் கணவனும் மனைவியும் கலந்து பேசலாம்; மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் இரண்டு பிள்ளைகள் பெற்று இருபது பேருக்கு உரியதை எடுத்துக்கொள்பவர், பத்துப் பிள்ளைகளோடு சிக்கனமாக வாழும் ஏழையைப் பார்த்துப் பூமிக்குப் பாரம் என்று சொல்ல உரிமையற்றவர்.

மார்க்கம் வகுத்த மூன்று எல்லைகள்

முதலாவது, கடைமடைக்காரரின் உரிமை. மதீனாவின் ஹர்ரா பகுதியில் ஒரு வாய்க்கால். அதில் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. ஓர் அன்ஸாரியின் தோட்டம் கீழே இருந்தது. தண்ணீரைத் தடுக்காமல் விடச் சொன்னார் அன்ஸாரி. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. நீர் பாய்ச்சிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்கு விட்டுவிடும்படி ஸுபைரிடம் சொன்னார்கள். அன்ஸாரிக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் மாமி மகன் என்பதால் இப்படித் தீர்ப்போ என்று பேசிவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. வரப்பின் அளவு வரை தண்ணீரைத் தேக்கிக்கொள், பிறகு விடு என்று ஸுபைருக்கு முழு உரிமையையும் கொடுத்துத் தீர்ப்பளித்தார்கள் (புகாரி). அந்த அளவு கணுக்கால் வரை என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே இருப்பவருக்கு அவருடைய முழு உரிமையைக் கொடுத்தபோதும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. ஆறு என் பக்கம் ஓடுகிறது, ஆகவே அது முழுவதும் எனக்கு என்று சொல்ல எந்த நாட்டுக்கும், எந்த ஊருக்கும், எந்தத் தோட்டக்காரருக்கும் மார்க்கத்தில் இடமில்லை. ஜைஹூன் ஆற்றில் இந்த ஒரு தீர்ப்பைப் பின்பற்றியிருந்தால் மொய்னாக்கில் கப்பல்கள் மணலில் நின்றிருக்காது.

இரண்டாவது, பிறருக்குக் கேடு செய்யாமை. கேடு செய்வதும் கூடாது, பதிலுக்குக் கேடு செய்வதும் கூடாது என்ற கருத்தில் வந்த ஹதீஸ் (இப்னு மாஜா) ஃபிக்ஹ் சட்டங்களின் அடிப்படை விதிகளில் ஒன்று. இதை விளக்க நபி (ஸல்) அவர்கள் கப்பலை உவமை காட்டியிருக்கிறார்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். தண்ணீர் எடுக்க மேலே போய் மற்றவர்களுக்குத் தொந்தரவு தராமல், எங்கள் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்கிறோம் என்று கீழே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் (புகாரி). ஓட்டை போடுபவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவை உண்மையானது, தண்ணீர்தான் கேட்டார்கள். ஆனாலும் கப்பல் மூழ்கும். என் வீட்டில் என் பணத்தில் போர் போடுகிறேன், உனக்கென்ன என்று கேட்பவருக்கு இந்த உவமை பதில் சொல்கிறது.

மூன்றாவது, இன்னும் பிறக்காதவர்களின் பங்கு. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஈராக்கின் செழிப்பான ஸவாத் நிலங்கள் வெற்றி கொள்ளப்பட்டன. போரிட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று சில ஸஹாபாக்கள் கேட்டார்கள். நீண்ட ஆலோசனை நடந்தது. பங்கிட்டுவிட்டால் பின்னால் வருபவர்களுக்கு என்ன இருக்கும் என்று கேட்டார்கள் உமர் (ரலி). ஹஷ்ர் அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தில் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் என்று அல்லாஹ் குறிப்பிடுவதைச் சான்றாகக் காட்டினார்கள். நிலம் உழுபவர்களிடமே விடப்பட்டு, அதன் வரி எல்லாத் தலைமுறைக்கும் பொதுவாக்கப்பட்டது. கண் முன்னால் வாளோடு நிற்கும் வீரர்களின் கோரிக்கையைவிட, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் உரிமை அந்தக் கலீஃபாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாமோ அந்தப் பிள்ளைகளுக்குரிய நிலத்தடி நீரைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கடல் நமக்குத் தூரமில்லை

ஆரல் கடல் எங்கோ இருக்கிறது என்று ஆறுதல் அடைய முடியாது. உலகிலேயே நிலத்தடி நீரை மிக அதிகமாக எடுக்கும் நாடு இந்தியா. 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுவிட்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடங்களோடு லாரிக்காக இரவெல்லாம் காத்திருந்த தாய்மார்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 2015ல், அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. மழை வந்தபோது தேக்கி வைக்க வேண்டிய ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் மனைகளாக்கிவிட்டோம்.

பருத்தியின் கதையும் நமக்குத் தெரியாதது இல்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல லட்சம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளும் வயல்களும் கெட்டன. 2011ல் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றத்தில் போய் நின்றது ஸுபைர் (ரலி) அவர்களின் வாய்க்கால் வழக்கில் எழுந்த அதே கேள்விதான்: மேலே இருப்பவர் எடுக்கலாம், கீழே இருப்பவருக்கு என்ன விட்டுவைக்க வேண்டும்?

ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெருநாளுக்குப் புத்தாடை உடுத்துவது மகிழ்ச்சியான காரியம். யாரும் அதைத் தடுக்கவில்லை. பெருநாளுக்கு மூன்று, கல்யாணத்துக்கு நான்கு, பீரோவில் உடுத்தாமல் பத்து என்று சேரும்போது, யாருடைய ஆற்றிலிருந்தோ வந்த தண்ணீரை மடித்து அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

நம் பள்ளியிலிருந்து தொடங்குவோம்

சகோதரர்களே! உலகத்தைத் திருத்தும் பேச்சு எளிது. ஒளுச் செய்யும் இடத்திலிருந்து தொடங்குவது கடினம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). மத்ஹபுகளின் அளவுக் கணக்கில் சிறு வேறுபாடு இருந்தாலும், ஒரு முத்து என்பது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைதான். ஒளுவில் தண்ணீரை அதிகம் செலவழித்த ஸஅத் (ரலி) அவர்களிடம், ஓடும் ஆற்றில் இருந்தாலும் விரயம் விரயமே என்று நபியவர்கள் உணர்த்தியதாக இப்னு மாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைச் சிலர் பலவீனமானது என்று கூறியிருந்தாலும், ஒளுவில் விரயம் வெறுக்கத்தக்கது என்பதில் மத்ஹபுகளின் இமாம்கள் ஒருமித்தே இருக்கிறார்கள்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். குழாயை வழக்கம்போலத் திறந்து, கீழே ஒரு வாளியை வைத்து ஒளுச் செய்யுங்கள். பிறகு வாளியை அளந்து பாருங்கள். ஆறு லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜும்ஆவுக்கு 300 பேர் வந்தால் 1,800 லிட்டர். சுன்னத்தான அளவில் செய்தால் 300 லிட்டர் போதும். ஒரே ஒரு தொழுகைக்கு 1,500 லிட்டர் மிச்சம். வணக்கத்துக்காகச் செய்யும் செயலிலேயே வணக்கத்துக்குரியவனின் கட்டளையை மீறுகிறோமே, இது சிந்திக்க வேண்டிய இடம். ஜமாஅத் நிர்வாகிகள் குழாய்களில் நீரின் வேகத்தைக் குறைக்கலாம். பழைய ஹவ்ளு இருக்கும் பள்ளிகள் அதை மூடிவிடாமல் காக்கலாம். ஒளு நீரில் சோப்பு இல்லை. அதைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். பள்ளி மாடியின் மழைநீர் கிணற்றில் இறங்க வழி செய்யலாம். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. சட்டத்துக்காகப் போட்ட குழாய் அடைத்துக் கிடக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

அடுத்தது விருந்து. 2022ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாக்கப்பட்டதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. அதே உலகில் 78 கோடிக்கும் மேற்பட்டோர் பசியோடு இருந்தார்கள். வீணாகும் ஒவ்வொரு சோற்றுக்குப் பின்னாலும் அதை விளைவித்த தண்ணீர் இருக்கிறது. நம் வலீமாக்களில் ஆயிரம் பேருக்குச் சமைத்து, அறுநூறு பேர் வந்து, மீதியைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கிறோம். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்று நபியவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). நம் முன்னோர் ஒரே சஹனில் சுற்றி அமர்ந்து சாப்பிட்டது வெறும் ஊர் வழக்கம் அன்று. அந்த ஹதீஸை நடைமுறையில் வைத்திருந்தார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியையும் இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றும் சமுதாயம் பூமியை விழுங்காது.

வீண்விரயம் செய்பவர்கள் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் எச்சரிக்கிறது. சற்று யோசித்துப் பாருங்கள். திருடனையோ பொய்யனையோ அல்லாஹ் இந்த உறவு முறை சொல்லி அழைக்கவில்லை. தன் சொந்தப் பொருளை வீணாக்குபவனை அழைக்கிறான்.

திரும்பி வந்த தண்ணீர்

இவ்வளவு கெட்ட பிறகு என்ன செய்ய முடியும் என்று மனம் தளர வேண்டாம். ஆரல் கடலின் கதைக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. வடக்கே கஜகஸ்தான் நாடு, உலக வங்கியின் உதவியோடு 2005ல் கோக்-அரால் என்னும் இடத்தில் சுமார் 13 கிலோமீட்டர் நீள அணை ஒன்றைக் கட்டி முடித்தது. சிர் தர்யாவின் கால்வாய்களையும் மதகுகளையும் சீர் செய்தது. வடக்குக் கடலில் நீர்மட்டம் உயர்ந்தது. எதிர்பார்த்ததைவிட விரைவாகவே உயர்ந்தது. உப்பு குறைந்தது. மீன்கள் திரும்பின. வலையை மறந்துவிட்ட ஊர்களில் மீண்டும் படகு இறங்கியது. தெற்குக் கடல் திரும்பவில்லை. அது திரும்புவது மிகக் கடினம். ஆனால் வறண்ட அதன் தரையில் உஸ்பெகிஸ்தான் மக்கள் சாக்சவுல் என்னும் பாலைவன மரக்கன்றுகளைப் பெருமளவில் நட்டு வருகிறார்கள். புழுதி எழாமல் இருக்க அவற்றின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்துவிட்டாலும், முடியுமானால் அதை நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அஹ்மத்). பலனைப் பார்க்க நான் இருப்பேனா என்று கேட்பவர்களுக்கான பாடம் அது. பலனைத் தருவது அல்லாஹ்வின் வேலை. நடுவது நம் வேலை.

மறுமையில் அருட்கொடைகளைப் பற்றி அடியான் விசாரிக்கப்படும்போது, உன் உடலுக்கு ஆரோக்கியம் தரவில்லையா, குளிர்ந்த நீரால் உன் தாகத்தைத் தீர்க்கவில்லையா என்பதே முதல் கேள்வியாக இருக்கும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. 800 கோடிப் பேரில் நீ ஏன் ஒருவனாகப் பிறந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. உனக்குத் தந்த தண்ணீரை என்ன செய்தாய் என்ற கேள்வி இருக்கிறது. பதிலை இங்கிருந்தே தயார் செய்துகொள்வோம்.

யா அல்லாஹ்! எங்களுக்கு நீ தந்த நீரையும் நிலத்தையும் அமானிதமாகப் பேணும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் பங்கை நாங்கள் விழுங்கிவிடாமல் எங்களைக் காப்பாயாக! வறண்ட ஊர்களுக்கு ரஹ்மத்தான மழையைத் தருவாயாக! கேட்பதிலும் எழுதுவதிலும் நின்றுவிடாமல், ஒரு வாளித் தண்ணீரையேனும் மிச்சம் பிடிக்கும் அமலை எங்கள் அனைவருக்கும் தருவாயாக! ஆமீன்.